கரண்டு வைக்கும் நாட்களில் வாய்ப்புண்: வீட்டு வைத்தியம் எதுவரை?



வாய்ப்புண் யாருக்குத்தான் வராது? உடம்பில் சூடு ஏறிவிட்டது என்போம், இரண்டு நாள் மணத்தக்காளிக் கீரை சமைத்துச் சாப்பிடுவோம், ஆறிவிடும். ஆகவே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிற ஒருவர் "வாயெல்லாம் புண்ணாக இருக்கிறது" என்று சொன்னால், கேட்கிறவர்களுக்கு அதன் கொடுமை எளிதில் விளங்குவதில்லை. நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை என்று எங்கும் தோல் உரிந்து, பச்சைத் தண்ணீர்கூட நெருப்பாக இறங்கும் நிலை அது. சொந்த எச்சிலை விழுங்கப் பயந்து, துணியில் துப்பியபடி இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. "புற்றுநோயின் வலியைக்கூடத் தாங்கினேன், இதைத் தாங்க முடியவில்லை" என்று சொல்லுகிறவர்களும் அநேகர்.

இது ஏன் வருகிறது? நம் வாயின் உட்தோல் வெகு வேகமாகப் புதுப்பிக்கப்படுகிற ஒன்று. ஒன்றிரண்டு வாரத்துக்குள் பழைய தோல் உதிர்ந்து புதுத் தோல் வந்துவிடுகிறது. புற்றுநோயின் செல்களும் வேகமாகப் பெருகுகிறவையே. வேகமாகப் பெருகுவதைத் தாக்குவதுதான் கதிர்வீச்சின் வேலை, கீமோ மருந்தின் வேலையும் அதுவே. எனவே கட்டியோடு சேர்ந்து வாயின் தோலும் அடி வாங்குகிறது. கீமோ ஏற்றியவர்களுக்கு ஐந்து முதல் பத்து நாளுக்குள் புண் கண்டு, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறும். வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுகிறவர்கள் (நம் மக்கள் இதை "கரண்டு வைப்பது" என்பார்கள்) இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் வாய் சிவப்பதைக் காண்பார்கள். பிறகு புண் வளரும். கடைசி நாள் கரண்டு வைத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். போதாக்குறைக்கு எச்சில் சுரப்பது குறைந்து, இருப்பதும் பசை போலக் கெட்டியாகிவிடும்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்பது வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம், அதாவது 30 முதல் 35 தடவை. இடையில் நிறுத்தக்கூடாது. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒவ்வொரு நாள் நீளும்போதும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வாய் எரிகிறதே என்று ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டால் எவ்வளவு இழப்பு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சானமாவைச் சேர்ந்த ஒரு விவசாயியை நினைத்துப் பாருங்கள். பல வருஷம் வெற்றிலை, சுண்ணாம்போடு புகையிலை ஒதுக்கிய கன்னத்தில் கட்டி. ஓசூர் வந்து, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் பயணித்துப் பெங்களூரு போக வேண்டும். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருப்பதால், 1973 முதல் எல்லையின் இந்தப் பக்கத்து மக்களும் அங்கே போய்வருகிறார்கள். வேலூருக்குப் போகிறவர்களும் உண்டு. ராகி முற்றும் குளிர்காலத்தில் கர்நாடகப் பக்கத்து யானைக் கூட்டம் சானமாவு காட்டில் வந்து தங்கிவிட்டால், விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியாது. இத்தனைக்கும் நடுவில் மூன்றாவது வாரம் வாய் வெந்துபோகிறது. களி இறங்கவில்லை, எடை குறைகிறது. அந்த நேரத்தில் யாராவது வந்து, "கரண்டுதான் வாயைப் பொசுக்குகிறது, அதை விட்டுவிடு, ஒரு பச்சிலை இருக்கிறது" என்று சொன்னால் அவர் கேட்கத்தான் செய்வார்.

இயற்கை வைத்தியம் என்றாலே மூடத்தனம் என்று தள்ளுகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள், அது ஒன்றே போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நோயாளிக்கு உதவாது. சமையலறையில் இருக்கிற சில பொருட்கள் இந்த ஏழு வாரத்தைக் கடக்க மெய்யாகவே உதவுகின்றன. ஆனால் அவை புற்றுநோயை ஆற்றுகிறவை அல்ல, அதை ஆற்றுகிற சிகிச்சை தடைபடாமல் நடக்கத் துணை செய்கிறவை.

முதலில் உப்பும் சோடாவும்

எல்லாவற்றிலும் மலிவானதும் முதலில் தொடங்க வேண்டியதும் இதுதான். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். அதில் ஒரு தேக்கரண்டி சாதாரண உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அதாவது ஆப்பத்துக்குப் போடும் சோடா. கலக்கி மூடி வையுங்கள். சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும், படுக்கப் போகுமுன்னும், புண் அதிகமானால் இரண்டு மணிக்கு ஒரு தரமும் வாயில் வைத்து மெதுவாக அலசித் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும்.

நல்ல எச்சிலில் இயற்கையாகவே சோடாவின் குணமுள்ள உப்பு ஒன்று இருந்து, வாயில் புளிப்பு ஏறாமல் காக்கிறது. எச்சில் வற்றிய வாயில் அந்த வேலையை இந்தத் தண்ணீர் ஓரளவு செய்கிறது. கெட்டிச் சளியைக் கரைக்கிறது, உணவுத் துணுக்கைக் கழுவுகிறது. புண்ணே வராமல் தடுக்கும் என்று இதற்கு ஆய்வுச் சான்று இல்லை. ஆனால் வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைக்க இதைவிட எளிய வழி இல்லை என்பதில் புற்றுநோய் மருத்துவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. கடையில் வெறுமனே "சோடா" என்று கேட்டால் துணி துவைக்கும் சலவை சோடாவைக் கொடுத்துவிடலாம். அது வாயை அரித்துவிடும். "சமையல் சோடா" என்று சொல்லி வாங்குங்கள். அடுத்தது, உப்பு அதிகம் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று எண்ணிக் கைப்பிடியாக அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அது காயத்தில் உப்பு வைப்பதேதான். கடையில் பாட்டிலில் விற்கும் கொப்பளிப்பு மருந்துகளில் பல சாராயம் கலந்தவை, அவையும் எரிக்கும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனைப் பற்றி ஆய்வு சொல்வது

தேன் புண்ணை ஆற்றும் என்று நம் பாட்டிகள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தவர்களில் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்து மருத்துவர்கள் முன்னோடிகள். 2003இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் கதிர்வீச்சு பெற்ற 40 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் தேன் கொடுத்தார்கள். கரண்டு வைப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு 20 மில்லி, வைத்த பின் கால்மணி நேரம் கழித்து 20 மில்லி, ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு 20 மில்லி. வாயெங்கும் படும்படி வைத்திருந்து மெதுவாக விழுங்க வேண்டும். தேன் பெறாதவர்களில் 75 சதவீதத்தினருக்குக் கடுமையான புண் வந்தது. தேன் பெற்றவர்களில் 20 சதவீதத்தினருக்கே வந்தது. எடை குறையாமல் காத்துக்கொண்டவர்களும் தேன் பெற்றவர்களில்தான் அதிகம்.

நமக்கு இன்னும் அருகில், மங்களூரில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றைச் சேர்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்விலும் 40 பேர். 20 பேருக்குத் தேன், 20 பேருக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் பசை. பசை பெற்றவர்களில் 15 பேருக்குத் தாங்க முடியாத அளவு புண், தேன் பெற்றவர்களில் ஒருவருக்கு மட்டும்.

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 131 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், விலை உயர்ந்த நியூசிலாந்துத் தேனும் வெறும் சர்க்கரைப் பாகும் ஒன்றுபோலவே இருந்தன, தேனுக்குத் தனிப் பலன் தெரியவில்லை. ஆகவே பல நாட்டு நிபுணர்கள் எல்லா ஆய்வுகளையும் சீர்தூக்கி 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, தலை, கழுத்துக்குக் கதிர்வீச்சு பெறுகிறவர்களுக்கு வாய்ப்புண்ணைத் தடுக்கத் தேனைப் பயன்படுத்தலாம் என்று மிதமான சொல்லில்தான் பரிந்துரைக்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை, வீண் என்றும் சொல்லவில்லை. இது சரியான நிதானம் என்றே எண்ணுகிறேன். விலை உயர்ந்த வெளிநாட்டுத் தேன் வேண்டாம் என்பதும் மான்செஸ்டர் ஆய்விலிருந்தே தெரிகிறது.

யாருக்கு வேண்டாம்? சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. 20 மில்லி வீதம் மூன்று வேளை என்றால் நாளொன்றுக்கு 60 மில்லி, அது சிறிய அளவல்ல. எச்சில் வற்றிய வாயில் தேன் ஒட்டிக்கொண்டால் பல் சொத்தையாகும். கொஞ்ச நேரம் கழித்துச் சோடாத் தண்ணீரால் அலச வேண்டும். கீமோவும் சேர்ந்து நடந்து வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது, மலையிலிருந்து அப்படியே பிழிந்து வரும் காட்டுத் தேன் கூடாது. அதில் கிருமிகளின் வித்து இருக்கக்கூடும். எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அந்த நாட்களில் வேண்டாம்.

மங்களூரின் மஞ்சள் தண்ணீர்

மஞ்சளைச் சோதித்ததும் மங்களூரில்தான். அங்குள்ள ஃபாதர் முல்லர் மருத்துவமனையைத் தொடங்கியவர் அகஸ்டஸ் முல்லர் என்ற ஜெர்மானியக் குருவானவர். 1880இல் ஏழைகளுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்த இடம் இன்று மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. அங்கே கதிர்வீச்சு பெற்ற சுமார் 80 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பிரிவினர் வழக்கமான அயோடின் மருந்தால் கொப்பளித்தார்கள். மற்றவர்கள் மஞ்சள் கலந்த தண்ணீரால் நாளுக்கு ஆறு முறை கொப்பளித்தார்கள். மஞ்சள் பிரிவில் புண் தாமதமாக வந்தது, தாங்க முடியாத நிலைக்குப் போனவர்கள் குறைவு, எடை இழப்பும் குறைவு. எல்லாவற்றிலும் முக்கியமானது, சிகிச்சையின் முதல் பாதியில் இடையில் நிறுத்தியவர்களும் குறைவு. மேலே சொன்ன சதவீதக் கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மருத்துவமனையின் ஆய்வு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனால் செலவு சில காசுகள், தீங்கு இல்லை. மருத்துவர் ஆட்சேபிக்காவிட்டால் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை ஆறிய வெந்நீரில் கலந்து கொப்பளிக்கலாம். தூள் எது என்பதில் கவனம் வேண்டும். நிறத்துக்காகச் சாயம் கலந்த உதிரித் தூள் சந்தையில் உண்டு. சமையலுக்கு வாங்கும் விரலி மஞ்சளை வீட்டிலேயே காயவைத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: கொப்பளிப்பது வேறு, மஞ்சள் மாத்திரை விழுங்குவது வேறு. மாத்திரையில் மஞ்சளின் சத்து செறிவாக இருப்பதால் சில மருந்துகளோடு மோதக்கூடும், மருத்துவருக்குத் தெரியாமல் சாப்பிடக் கூடாது.

பனிக்கட்டியும் ஒரு மருந்தே, ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை ஊசியாக வேகமாக ஏற்றும்போது, ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி அரைமணி நேரம் பனித்துண்டை வாயில் சுவைத்தால், வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கி மருந்து அங்கே குறைவாகப் போகிறது. 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வில் புண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து பெறுகிறவர்களுக்குக் குளிர்ச்சியே ஆகாது, ஆகவே எந்த மருந்து என்று நர்ஸிடம் கேட்டபிறகே செய்ய வேண்டும். பனிக்கட்டி காய்ச்சிய தண்ணீரில் வீட்டில் உறையவைத்ததாக இருக்க வேண்டும். மீன் கடை ஐஸ் அல்ல.

மற்ற வைத்தியங்கள்

மணத்தக்காளிக் கீரைக்கு இந்தப் புண்ணில் பலன் உண்டா என்று சொல்லும்படியான ஆய்வு இல்லை. ஆனால் மிளகாய், புளி இல்லாமல் பாசிப்பருப்பும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் குழைய வேகவைத்தால் நல்ல உணவு, தாராளமாகக் கொடுக்கலாம். சோற்றுக்கற்றாழையைச் சோதித்துப் பார்த்ததில் உறுதியான பலன் தெரியவில்லை. அதன் மஞ்சள் பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நெய்யோ தேங்காய் எண்ணெயோ உதட்டு வெடிப்புக்கு நல்லது. கரண்டு வைக்கப் போகுமுன் மட்டும் துடைத்துவிட வேண்டும்.

கிராம்பு எண்ணெய், படிகாரம், மாசிக்காய் மூன்றும் வேண்டாம். சாதாரணப் பல்வலிக்கும் ஈறுக்கும் உதவுபவை உரிந்த தோலில் எரிச்சலைத்தான் கூட்டும். கரித்தூள், செங்கல் தூள், வேப்பங்குச்சி ஆகியவற்றையும் இந்தச் சில மாதம் ஒதுக்கி வைத்து, குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துப் பயன்படுத்தட்டும். வலி மரத்துப்போகும் என்று சிலர் மறுபடியும் புகையிலையை ஒதுக்கிக்கொள்கிறார்கள். அதை வீட்டார் பார்த்தும் பாராததுபோல் இருக்கக் கூடாது.

ஆடிக்கொண்டிருக்கும் பல்லோ சொத்தைப் பல்லோ இருந்தால் கதிர்வீச்சு தொடங்குமுன்பே பல் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. பல வருஷம் கழித்துப் பல் எடுக்கப் போனாலும் "எனக்கு இங்கே கரண்டு வைத்தார்கள்" என்று சொல்ல வேண்டும்.

எந்த வீட்டு வைத்தியமும் போதாத கட்டம் ஒன்று உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், தண்ணீரே இறங்காவிட்டால், ரத்தம் கசிந்தால், தயிர் ஆடை போல வெள்ளைப் படலம் படிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். வெள்ளைப் படலம் பெரும்பாலும் பூஞ்சைக் காளான். அதற்குத் தனி மருந்து இருக்கிறது, தேனால் போகாது. வலிக்கு மார்பின் மருந்து எழுதிக்கொடுத்தால் "பழக்கமாகிவிடும்" என்று பயந்து ஒளித்து வைக்கிற குடும்பங்கள் அநேகம். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் தேவையில்லை. சில நாள் மூக்குவழிக் குழாயில் உணவு கொடுப்பதும் தோல்வி அல்ல. சிகிச்சை முடியும்வரை உடல் தாங்க அது ஒரு வழி.

பார்க்கப் போகிறவர்களுக்கு

நோயாளியைச் சந்திக்கப் போகும் சபையார் கையில் ஒரு பை சாத்துக்குடியோ ஆரஞ்சோ இருப்பது நம் வழக்கம். வெந்த வாய்க்கு அதைவிட வேதனை வேறில்லை. கிருஷ்ணகிரி மாம்பழமும் புளிப்புள்ளதே, அதுவும் பிறகு ஆகட்டும். மனம் நோகக் கூடாதென்று ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணீர் விட்ட நோயாளிகள் இருக்கிறார்கள். மாறாக முட்டை, பாசிப்பருப்பு, நன்றாகக் கனிந்த வாழைப்பழம், சலித்த ராகி மாவு கொண்டுபோகலாம். களியாகக் கிளறாமல், பாலோ புளிக்காத மோரோ சேர்த்துத் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவைத்துக் கொடுத்தால் இறங்கும். இரவு ஊறிப் புளித்த கூழ் எரியும். இளநீர் பலருக்கு இதமாக இருக்கிறது. தினமும் பெங்களூருக்குப் போய்வருகிறவர் என்றால், ஒரு லிட்டர் மூடி போட்ட பாட்டில், சமையல் சோடா ஒரு பாக்கெட், மிருதுவான பிரஷ் இரண்டு, கஞ்சிக்கு ஒரு பிளாஸ்க், பஸ் செலவுக்குக் கொஞ்சம் பணம். இவை எந்தப் பழக்கூடையையும்விட உதவும்.

போனபிறகு அவரைப் பேசவைக்காதீர்கள். கேள்விகளை வீட்டாரிடம் கேளுங்கள். அவர் தலையசைத்தால் போதும். திருவிருந்து கொண்டுபோகும் ஆயர்களும் ஒன்றைக் கவனிக்கலாம்: திராட்சை ரசம் புண்ணில் பட்டால் துடித்துப்போவார்கள், காய்ந்த அப்பம் தொண்டையில் நிற்கும். ஒரு துணுக்கு அப்பத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, ரசத்தில் ஒரு சொட்டை ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா என்று முன்னதாகவே அவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் சோடாத் தண்ணீரும் இருக்கட்டும்.